பத்து நாட்களுக்குள் பதில்

பாரிஸ் 18ஆம் வட்டாரப் பொலிஸ் நிலையத்தில் 2016 நவம்பர் 10ஆம் திகதி வியாழக்கிழமை காலை 9.40 மணிக்குப் பதியத் தொடங்கிய வாக்குமூலம். சொல்பவர் தமிழில் சொல்ல, புதுச்சேரியைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் திரு. ராஜேந்திரன் மூலம் எழுதப்படுகிறது.

எனது பெயர் அந்தோனிப்பிள்ளை இம்மாகுலேற். வயது 36. பிறந்த இடம் இலங்கை, மன்னார் மாவட்டம், வங்காலை. தற்போதைய முகவரி எபினே-சூர்-செய்ன். திருமணமாகவில்லை. அதே ஊரிலுள்ள முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரான்சுக்கு வந்தேன். அகதி அந்தஸ்து உண்டு. இதற்கு முன் எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டதில்லை.

என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன். எந்நேரமும் எழுந்து போகலாம் என்றும், பதில் சொல்லாமல் இருக்கலாம் என்றும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. வழக்கறிஞர் வேண்டாம் என்றேன். எனக்குப் பிரெஞ்சு பேச வரும். இருந்தும் தமிழில் சொல்கிறேன். பிரெஞ்சில் பேசினால் நேர்முகப் பரீட்சைக்குப் பாடமாக்கிய வசனங்கள்தான் எனக்கு வாயில் வருகின்றன.

2011ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்து 2015 ஒக்டோபர் வரை லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், மூன்றாம் மாடியிலுள்ள இரண்டு அறை வீடொன்றில் குடியிருந்தேன். ஓர் அறையில் நான் தனியாகவும் மற்ற அறையில் திரு. ஜெயரட்ணமும் அவருடைய மனைவி தயானியும் அவர்களுடைய மகளும் இருந்தோம். குசினி பொது. கடிதப்பெட்டியும் ஒன்றுதான், அதில் எங்கள் இரண்டு குடும்பப் பெயர்களும் ஒட்டப்பட்டிருந்தன. பெட்டிக்கு இரண்டு திறப்புகள் இருந்தன. ஒன்று ஜெயரட்ணத்திடம், மற்றது என்னிடம். ஜெயரட்ணம் பிரெஞ்சு உணவகமொன்றில் சமையற்காரர். தயானி காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். அவர்கள் 2009இன் பின் வன்னியிலிருந்து வந்தவர்கள். நான் ஜெயரட்ணத்தை அண்ணை என்றும், தயானி என்னை அக்கா என்றும் அழைப்போம்.

நான் 2013ஆம் ஆண்டு பராமரிப்பு உதவியாளர் படிப்புக்கான நுழைவுப் பரீட்சை எழுதினேன். இது தாதிக்குக் கீழ் நிலை வேலை. நோயாளரைக் கழுவி, உடுத்தி, சாப்பாடு கொடுத்துப் பார்ப்பது. எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து நேர்முகத்தில் அரைப் புள்ளியால் தவறினேன். அதன்பின் அதே ஆண்டு செப்டெம்பரில் மறுபடியும் படிக்கத் தொடங்கினேன். குசினி மேசையில் தனியே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருப்பது எனக்குச் சலிப்பாக இருந்தபடியால், தயானியிடம், "நீரும் எழுதுமன், ரண்டு பேருமாப் படிப்பம்" என்று சொன்னேன். அவரைப் பரீட்சைக்கு இழுத்தது நான்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுமாறு கேட்கிறேன்.

அவருடைய கணவர் அதை எதிர்த்தாரா என்று அதிகாரி கேட்டார். முதலில் எதிர்த்தார். "ஊர் ஆம்பிளையளைத் துடைச்சு விடுற வேலைக்கு என்ரை மனிசி போகத் தேவையில்லை" என்று குசினியில் என் முன்னால் சொன்னார். அதைத் தயானியும் கேட்டார், பக்கத்து வீட்டவர்களும் கேட்டிருக்கலாம். ஆனால் அது 2013 ஒக்டோபரில். அதன்பின் மாரிகாலத்தில் அவர் மாறிவிட்டார். இதை நான் நேரில் பார்த்தேன். தயானிக்குக் கணக்கில் வீதமும் விகிதமும் பிடிபடவில்லை. நான் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் அழுதுவிட்டு எழுந்து போவார். ஒரு திங்கட்கிழமை, அண்ணையின் விடுமுறை நாளில், அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே, "பத்துப் பேருக்கு மூண்டு லீட்டர் பால் எண்டா, நாலு பேருக்கு எவ்வளவு விடுவீர்?" என்று கேட்டார். தயானி யோசிக்காமல் சரியான பதில் சொன்னார். "உதைத்தானே அக்கா இவ்வளவு நாளும் கேட்டவ" என்றார் அண்ணை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் உணவகத்து ஓடர் துண்டுகளின் பின்பக்கத்தில் கணக்குகளை எழுதி மேசையில் வைத்துவிடுவார். மருந்து அளவுக் கணக்கையும் அவர் குழம்பாகவே மாற்றிச் சொல்லுவார். 2014 மார்ச்சில் நடந்த எழுத்துப் பரீட்சையில் நாங்கள் இருவரும் சித்தியடைந்தோம்.

நேர்முகத்துக்காக நாங்கள் சனிக்கிழமைகளில் ஒரு சங்கத்தின் அறையில் இலவச வகுப்புக்குப் போனோம். ஓய்வுபெற்ற தாதியான மர்கரீத் என்ற அம்மையார் அங்கே பரீட்சகர் போல் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். ஏன் இந்த வேலையைத் தேர்ந்தீர்கள் என்பதுதான் எப்போதும் முதற் கேள்வி. நான் முதியவர்களை மதிப்பதாகச் சொன்னேன். அவர், "எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்" என்றார். தயானிக்கு அவ்வளவு பிரெஞ்சு வராதபடியால் தமிழில் சொல்லச் சொல்லி, நான் மொழிபெயர்த்தேன். அவர் சொன்னது இது. 2009 மார்ச்சில் வன்னியில் பள்ளிக்கூடமொன்றை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். சேலைன் போத்தலைத் தொங்கவிடக் கம்பி இல்லை. காயப்பட்ட வயோதிபர் ஒருவருக்காகத் தயானி போத்தலைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கை தாழ்ந்தால் குழாயில் இரத்தம் திரும்பி ஏறும். அதனால் கையை மாற்றி மாற்றி மத்தியானம் வரை நின்றார். வயோதிபர் இடையில் கண் விழித்து, "இரு பிள்ளை, கால் நோகும்" என்று சொன்னார். அவருடைய பெயரைக் கேட்கவில்லை என்பதுதான் தயானியின் கவலை. மர்கரீத் இதைப் பிரெஞ்சில் சொல்லப் பழக்கும்படி என்னிடம் சொன்னார். நான் அதை வசனம் வசனமாகப் பிரெஞ்சில் எழுதித் தயானிக்குப் பாடமாக்கிக் கொடுத்தேன். இதனால் எனக்கும் அது மனப்பாடமாயிற்று.

2014 மே மாதம் நேர்முகம் நடந்தது. பாரிசுக்கு வடக்கேயுள்ள பயிற்சி நிறுவனம் அது. அதன் பெயர் என் சான்றிதழில் உள்ளது. அன்று அண்ணை உணவகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்து, மகளைத் தூக்கிக்கொண்டு எங்களைப் புகையிரத நிலையம் வரை கூட்டிவந்தார். என்னை ஓர் அறைக்கும் தயானியை வேறோர் அறைக்கும் அழைத்தார்கள். ஏன் இந்த வேலை என்று என்னிடம் கேட்டார்கள். நான் தயானியின் போத்தல் கதையை எனக்கு நடந்ததாகச் சொன்னேன். 2009இல் நான் பாரிசில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். கதையைப் பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னேன். பரீட்சகரில் ஒருவர் போத்தலை எவ்வளவு நேரம் பிடித்தீர்கள், எந்தக் கை முதலில் களைத்தது என்று கேட்டார். ஞாபகமில்லை என்றேன். இதைத் தயானியிடம் அப்போது சொல்லவில்லை.

2014 ஜூன் 12, வியாழக்கிழமை, பிற்பகல் சுமார் மூன்று மணிக்கு நான் கடிதப்பெட்டியைத் திறந்தேன். ஒரே நிறுவனத்தின் முத்திரையுடன் இரண்டு உறைகள் இருந்தன. எனக்கு வந்ததைப் படிக்கட்டில் வைத்தே உடைத்தேன். காத்திருப்புப் பட்டியலில் நான்காம் இடம் என்று இருந்தது. அதன்பின் தயானியின் உறையை உடைத்தேன். அவர் சித்தியடைந்திருப்பார், இருவருமாகச் சந்தோஷப்படலாம் என்று எண்ணி உடைத்ததாகச் சொன்னால் அது பொய். அவர் தவறியிருக்க வேண்டும் என்று எண்ணித்தான் உடைத்தேன். அவர் பிரதான பட்டியலில் தெரிவாகியிருந்தார். பத்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் அனுப்பாவிட்டால் இடத்தைத் துறந்ததாகக் கருதி, காத்திருப்புப் பட்டியலிலுள்ள அடுத்தவருக்குக் கொடுக்கப்படும் என்று கடைசிப் பந்தியில் இருந்தது. அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன்.

அதன்பின் மேலே போனேன். தயானி மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார். "காயிதம் வந்ததே அக்கா?" என்று கேட்டார். எனக்கு வந்திருக்கிறது, காத்திருப்புப் பட்டியல் என்றேன். "எனக்கு?" என்றார். "பெட்டிக்குள்ளை என்ரை மட்டும்தான் கிடந்தது" என்றேன். அவர் சீப்பைக் கீழே வைத்தார். பிறகு, "தெரிவானவைக்கும் பட்டியலிலை இருக்கிறவைக்கும் மட்டும்தான் அனுப்புறவங்களோ?" என்று கேட்டார். "அப்பிடித்தான் நினைக்கிறன்" என்றேன். அவர் என்னிடம், "பரவாயில்லை, உங்களுக்குக் கிடைக்கும்" என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்கு இடம் கிடைக்க வேண்டுமென்று பிள்ளையார் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்வித்து விபூதி கொண்டுவந்து தந்தார். நான் கத்தோலிக்கப் பெண் என்றபடியால், "பூசாட்டிலும் பரவாயில்லை, கிட்ட வைச்சிருங்கோ" என்றார். வாங்கி மேசையில் வைத்தேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை என்றபடியால், பதில் அனுப்பக் கடைசி நாள் திங்கட்கிழமை, ஜூன் 23. பத்து நாட்களில் ஏதாவது ஒரு நாள் கடிதத்தைக் கொடுக்க நினைத்தீர்களா என்று அதிகாரி கேட்டார். ஐந்தாம் நாள் வரை ஒவ்வொரு நாளும் நினைத்தேன். கடிதம் பிந்தி வந்ததாகச் சொல்லலாம் என்று, உறையைப் பசை வைத்து ஒட்டியும் பார்த்தேன், கிழிந்தது தெரிந்தது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு அப்படி நினைத்ததாக ஞாபகமில்லை. நாட்களை எண்ணினேன். ஜூன் 27ஆம் திகதி நிறுவனத்துச் செயலாளர் எனக்குத் தொலைபேசி எடுத்து, நால்வர் இடத்தை ஏற்கவில்லை, நான்காம் இடத்திலிருப்பவர் நீங்கள், வருகிறீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். அந்த நால்வரில் ஒருவர் தயானி. அவர் பதில் போட்டிருந்தால் எனக்கு இடம் வந்திருக்காது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் செப்டெம்பரில் படிக்கத் தொடங்கி 2015 ஜூலையில் சான்றிதழ் பெற்றேன். அந்த ஆண்டு முழுவதும் தயானியே எனக்குச் சேர்த்துச் சமைத்தார். பயிற்சிக்குப் போகும் நாட்களில் என் வெள்ளைச் சட்டைகளை மினுக்கி வைத்தார். ஒருநாள் அதில் ஒன்றைத் தன் தோளில் வைத்து அளவு பார்த்ததைக் கதவிடுக்கால் கண்டேன். நான் வரும் சத்தம் கேட்டதும் மடித்து வைத்துவிட்டார். அதன்பின் ஒக்டோபரில் நான் எபினேக்கு வீடு மாறினேன்.

மேற்படி கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பலமுறை கிழிக்க எடுத்து, திரும்பவும் என் சான்றிதழ்க் கோப்பில் வைத்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கடிதத்தையும் உறையையும் இப்போது அதிகாரியிடம் ஒப்படைக்கிறேன். உறை கிழித்து ஒட்டப்பட்டது என்பதை அவர் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

2016 செப்டெம்பர் நடுப்பகுதியில் தயானி மறுபடியும் பரீட்சை எழுத எண்ணி, விண்ணப்பப் படிவம் எடுக்க அதே நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய பெயரைப் பதிவில் பார்த்துவிட்டு, 2014இல் தெரிவாகியிருந்தீர்கள், கடிதம் அனுப்பினோம், நீங்கள் பதில் போடவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். செப்டெம்பர் 17, சனிக்கிழமை, அவர் எபினேக்கு என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி நடந்ததைச் சொன்னார். அதன்பின், "அக்கா, பெட்டித் திறப்பு உங்களிட்டையும் அவரிட்டையும்தானே இருந்தது?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நீங்கள் திறக்கேக்க என்ரை இருக்கேல்லைத்தானே?" என்றார். நான், "அண்ணைதானே வேலையாலை வரேக்க பெட்டியைப் பாத்திட்டு மேலை வாறவர்" என்றேன்.

இந்த வசனத்தில் பொய் இல்லை. பெரும்பாலான நாட்களில் அவர்தான் பெட்டியைத் திறப்பார். அது உண்மையாக இருந்தபடியால்தான் அதைத் தெரிந்தெடுத்துச் சொன்னேன். தயானியின் முகம் மாறியது. "துடைக்கிற வேலைக்குப் போகத் தேவையில்லை எண்டவர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் தேத்தண்ணீர் போடப் போனேன். திரும்பி வரும்போது அவர் போய்விட்டார்.

அதற்குப் பின் நடந்தவற்றைப் பிறர் மூலம் அறிந்தேன். தயானி இரண்டு நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு பொண்டியில் உள்ள மச்சாள் வீட்டுக்குப் போனார். ஒக்டோபர் 3ஆம் திகதி தன் கடிதத்தை மறைத்ததாகக் கணவர்மீது முறைப்பாடு கொடுத்தார். பிரிவதற்கு விண்ணப்பமும் போட்டார். ஒக்டோபர் 26ஆம் திகதி ஜெயரட்ணம் இதே நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, காலையிலிருந்து பின்நேரம் வரை விசாரிக்கப்பட்டார். இவற்றை அறிந்தும் நான் பேசாமல் இருந்தேன். வேலையில் என் பொறுப்பிலுள்ள பன்னிரண்டு பேரைக் கழுவி உடுத்தினேன். அவர்களில் ஒருவர் என்னிடம், உன் கைகள் நல்ல கைகள் என்று சொன்னார். அன்று மட்டும் இடைவேளைக்கு முன்பே வெளியே போய் நின்றேன்.

நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, லா சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போனேன். ரூ பிலிப்-து-ஜிராரில் கடை வாசலில் ஜெயரட்ணத்தைச் சந்தித்தேன். மெலிந்து போயிருந்தார். கையில் மகளுக்கு வாங்கிய ஒரு பெட்டி வர்ணப் பென்சில் இருந்தது. நான் விலகிப் போகப் பார்த்தேன், அவர் கூப்பிட்டார். சொன்னது இது:

"நான் எடுக்கேல்லைத் தங்கச்சி. முதலிலை அப்பிடித்தான் எல்லாரிட்டையும் சொன்னனான். இப்ப எனக்கே சந்தேகமாக் கிடக்கு. வேலை முடிஞ்சு வாறது நித்திரைத் தூக்கத்திலைதானே. விளம்பரத் தாளுகளோடை சேத்து அதையும் சுருட்டிக் குப்பையிலை போட்டிட்டனோ தெரியாது. வேறை ஆர் எடுத்திருக்கப் போகினம்?"

அவர் தொடர்ந்து, "வாற கிழமை பொலிசிலை போய் நான்தான் எறிஞ்சனான் எண்டு சொல்லப் போறன். ஒத்துக்கொண்டனெண்டா அவளின்ரை கோவம் ஆறும். பிள்ளையை வந்து பாக்க விடுவாள்" என்றார். பிறகு என் வேலையைப் பற்றி விசாரித்தார். "நீங்களெண்டாலும் அதிலை வந்திட்டியள், அது எங்களுக்குச் சந்தோஷம்" என்றார்.

நான் மரக்கறி வாங்காமல் வீட்டுக்குப் போனேன். திங்கள், செவ்வாய் வேலைக்குப் போனேன். நேற்று, நவம்பர் 9, புதன்கிழமை மாலை பொண்டிக்குப் போய்த் தயானியைச் சந்தித்தேன். மகள் மற்ற அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே சொன்ன அதே ஒழுங்கில் அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடிக்கவோ ஏசவோ இல்லை. கடிதத்தைக் கேட்டார், கொடுத்தேன். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து மெல்ல வாசித்தார். புள்ளிகள் எழுதிய இடத்தில் விரல் நின்றது. "பதினேழு இருபதுக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நான் தடக்கித் தடக்கித்தானே கதைச்சனான். பாதியிலை தமிழும் வந்திட்டுது" என்றார். எனக்கு எத்தனை என்று கேட்டார். பன்னிரண்டரை என்றேன். நேர்முகத்தில் அந்தப் போத்தல் கதையை எனக்கு நடந்ததாக நானும் சொன்னேன் என்பதையும் அப்போது சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அந்த ஐயாவையுமோ?" என்றார்.

கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். அதன்பின் கதிரையில் இருந்து, "நான் அந்த மனுசனை என்ன சொல்லெல்லாம் சொல்லிப்போட்டன். பிள்ளைக்கு முன்னாலையும் சொன்னனான்" என்றார். ஜெயரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்தார். உணவகத்தில் வேலை நேரம் என்றபடியால் அவர் எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தார். நான்காவது தரம் எடுக்கும்போது நான் எழுந்து வெளியே வந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

இன்று காலை என் வேலைத்தலப் பொறுப்பாளருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு இங்கே வந்தேன். பயிற்சி நிறுவனத்துக்கும் எழுதித் தபாலில் சேர்த்தேன். சான்றிதழை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. யாராவது வற்புறுத்தினார்களா, அல்லது ஜெயரட்ணத்தைக் காப்பாற்றுவதற்காக இப்படிச் சொல்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை. உறையில் என் கைரேகை இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

வேறு ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா என்று கேட்கப்பட்டது. ஆம். திரு. ஜெயரட்ணம் அந்தக் கடிதத்தைத் தொடவில்லை. காணவில்லை. அது வந்ததே அவருக்கு அப்போது தெரியாது. அடுத்த கிழமை அவர் இங்கே வந்து தான்தான் எறிந்ததாகச் சொன்னால், அதை எழுத வேண்டாம். இதைத்தான் முதலில் எழுதச் சொல்லி நான் உள்ளே வந்தவுடன் கேட்டேன். பெயர், வயது, முகவரி, பிறகு நடந்த ஒழுங்கு என்றுதான் எழுதலாம் என்று அதிகாரி சொன்னபடியால் கடைசியில் எழுதப்படுகிறது.

மேலே எழுதியது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. திருத்தம் ஏதுமில்லை. நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்தபடியே சொன்னேன் என்று ஏற்று, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுகிறேன். நேரம் பிற்பகல் 12.55.

(ஒப்பம்) அ. இம்மாகுலேற்